மகளைக் கூட்டிவரப் போன குலசிங்கம்

குலசிங்கம் வங்காளத்துக்குப் புறப்பட்டது கோயில் பார்க்கவும் அல்ல, பூசை பார்க்கவும் அல்ல. மகளைக் கையோடு கூட்டிவரத்தான். யாராவது கேட்டால் மட்டும், "கால்னா எண்டு ஒரு ஊர். நூற்றெட்டுச் சிவன் கோயில் ஒரே இடத்திலை இருக்குதாம். ஒருக்காப் பாப்பம் எண்டு" என்பான். கனடாவில், யூனியன்வில்லில் அவன் தெருக்காரருக்கும், மார்க்கம் கோப்பிக் கடையில் ஞாயிறுகளில் கூடுகிற எங்கள் கூட்டத்துக்கும் அதைத்தான் சொன்னான். உண்மை எனக்கு மட்டும் தெரியும். விமான நிலையத்துக்கு அவன் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் பெரியது வெறும் பெட்டி. மகள் மயூரியின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு திரும்புவதற்காக.

நான் ஏன் கூடப் போனேன் என்றால், எனக்கு உண்மையாகவே பழைய கோயில்களில் பைத்தியம். ரொறன்ரோவில் பஸ் ஓட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று ஏதாவது ஒரு பக்கம் கிளம்பிவிடுவேன். "ஊரிலை இருக்கேக்கை கோயில் வாசலை மிதியாத மனிசன்" என்று என் மனைவி சீதா நக்கலடிப்பாள். வங்காளத்துச் சுட்டமண் கோயில்களைப் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கியிருந்தவனுக்குக் குலசிங்கம் நல்ல சாட்டாக அகப்பட்டான். தனக்கு விமானம் மாறி ஏறத் தெரியாது என்று அவன் சொன்னான். மகளோடு தனியே நின்று சண்டை பிடிக்கத் துணிவில்லை என்பதுதான் விசயம்.

எங்கள் சிநேகிதம் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில், ஊரில் போருக்குத் தப்பி வந்து இறங்கிய பெடியள் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்த காலம். குலசிங்கம் முதலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். பிறகு நாங்கள் இருந்த அதே மாடிக் கட்டடத்தில் தரை துடைக்கச் சேர்ந்து, மெல்ல மெல்ல அந்தக் கட்டடத்தையே பராமரிக்கிற பொறுப்புக்கு வந்தான். 'சுப்பர்' என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். இடுப்பில் எல்லா வீட்டுக் கதவுக்குமான ஒரு கொத்துத் திறப்பு எப்போதும் தொங்கும். சுவரில் காதை வைத்தாலே எந்த மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று தனக்குத் தெரியும் என்று பெருமையடிப்பான். பாதி நேரம் பிழையாகத்தான் இருக்கும்.

மயூரி ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவன் மனைவி ஜெகதா புற்றுநோயில் போய்விட்டாள். பிள்ளையை என்ன செய்வதென்று ஊரிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சொந்தக்காரர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இவன் ஒன்றையும் காதில் போடவில்லை. மேல்மாடியில் இருந்த றீற்றா அன்ரியிடம் போய்த் தலை பின்னப் பழக்கச் சொல்லிக் கேட்டான். பழகியது எதில் தெரியுமா? தரை துடைக்கிற மொப்பின் நூலில். வேலை முடிந்து மொப்பைக் கழுவிக் காயவைத்து, அதன் முன்னால் குந்தியிருந்து இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருப்பான். நான் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்ததற்கு ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை.

அப்படி வளர்த்த பிள்ளை. படித்து, மார்க்கத்தில் கணினி வேலைக்குப் போய், கூட வேலை செய்த சௌமிக் என்ற வங்காளிப் பெடியனை விரும்பினாள். அந்தக் கலியாணத்துக்குக் குலசிங்கம் ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. "மீனும் சோறும் தின்னுற சாதி. எங்களுக்குக் கிட்டத்தானே" என்றான். மருமகன் வீட்டோடு வந்து இருந்ததில் அவனுக்கு உள்ளூரச் சந்தோசம். பேஸ்மென்றை அவர்களுக்கு என்று தானே திருத்திக் கொடுத்தான். அங்கே இருந்து சௌமிக் தமிழும் பழகிக்கொண்டான்.

பிறகு கால்னாவில் சௌமிக்கின் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே பிள்ளை. இரண்டு பேரும் ஒரு தை மாதத்தில், கொட்டுகிற பனிக்குள் புறப்பட்டுப் போனார்கள். மூன்று மாதத்தில் வருவதாகத்தான் பேச்சு. மடிக்கணினி இருந்தால் வேலை எங்கிருந்தும் செய்யலாம் என்றாள் மயூரி. மூன்று மாதம் ஆறாகி, ஆறு ஒரு வருடமும் தாண்டியது. ஒருநாள் போனில், "அப்பா, நாங்கள் இஞ்சையே இருந்திடுவம் எண்டு யோசிக்கிறம்" என்றாள்.

அன்று பின்னேரம் கோப்பிக் கடையில் என் முன்னால் இருந்துகொண்டு, "அப்ப நான் என்னத்துக்கு மகேஸ் ஓடி வந்தனான்?" என்று கேட்டான். அடுத்த கிழமையே ரிக்கற் போட்டுவிட்டான். துர்க்கா பூசைக்கு வாருங்கள் என்று சம்பந்தி வீட்டார் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

கொல்கத்தாவில் சுங்க அதிகாரி பெரிய பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. பையறைகளையும் தடவிப் பார்த்தார். அங்கும் ஒன்றுமில்லை. வெறும் பெட்டியை ஏன் கனடாவிலிருந்து கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். "ஷொப்பிங்" என்றான் குலசிங்கம், யாரோடோ கோபித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அவர் எங்களை விட்டுவிட்டார்.

கால்னா கங்கைக் கரையில் இருக்கிற சின்ன ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தது நவராத்திரியின் ஆறாம் நாள். சந்திக்குச் சந்தி பந்தலும் மின்விளக்கும் மேளமுமாக இருந்தது. சம்பந்தி வீடு பழைய வீடு. நடுவில் முற்றம், ஒரு பக்கத்தில் தூண் வைத்த பூசை மண்டபம். அதற்குள் பத்துக் கைகளோடு மண்ணால் செய்த அம்மன், காலடியில் சிங்கம், இரண்டு பக்கமும் இவ்விரண்டாக நான்கு பேர்.

குலசிங்கம் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வந்ததும் வராததுமாக வழக்குத் தொடங்கிவிட்டான்.

"பிள்ளையார் சரி. முருகன் சரி. லட்சுமியும் சரஸ்வதியும் ஏன் உதுக்கை நிக்கினம்?"

"அவையும் அவவின்ர பிள்ளையள்தான், அப்பா" என்றாள் மயூரி.

"ஆர் சொன்னது?"

"இஞ்ச எல்லாரும்."

எங்களுக்கு அம்மன் என்றால் தாய். இவர்களுக்கு அவள் மகள். வருடத்தில் ஐந்து நாள் மட்டும், கைலாயத்திலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாளாம். பத்தாம் நாள் திரும்பப் புருசன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். ஊர் முழுக்க அவளுக்குத் தாய் தகப்பன். மயூரி இதைச் சொல்லச் சொல்ல, குலசிங்கம் அம்மனைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு பெட்டிகளை மேலே கொண்டுபோனதும் அவள்தான். மாடிப்படியில் நின்று பெரிய பெட்டியை ஒரு விரலில் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, இது ஏன் பாரமே இல்லை?"

"திரும்பிப் போகேக்கை பாரமா இருக்கும்" என்றான்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் அறையில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அடுத்த சிக்கல். சௌமிக்கின் தாய் கல்யாணி அம்மாள், சம்பந்தி முதல் தடவை வந்திருக்கிறார் என்று விடியவே சந்தைக்கு ஆள் அனுப்பி, ஹில்சா மீன் வாங்கிக் கடுகு அரைத்துப் போட்டுச் சமைத்திருந்தார். வாழையிலையில் வந்து விழுந்தது துண்டு. குலசிங்கம் பாம்பைக் கண்டவன் மாதிரிப் பின்னால் சாய்ந்தான்.

"பிள்ளை, நவராத்திரி விரதமெல்லே. அம்மன் இருக்கிற வீட்டிலை மச்சமோ?"

மயூரி அதை வங்காள மொழியில் சொன்னாள். கல்யாணி அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. அவர் திருப்பிச் சொன்னதை மயூரி எங்களுக்குச் சொன்னாள். "அம்மன் மகளாத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளுக்கு மீன் குடுக்காமல் அனுப்பினா ஊர் என்ன சொல்லும் எண்டு கேக்கிறா."

ஆனாலும் இவன் பருப்பும் சோறும்தான் சாப்பிட்டான். இரவு பார்த்தால், கல்யாணி அம்மாள் ஒரு புதுச் சட்டி எடுத்து, தன் கையாலேயே இவனுக்கு என்று பாகற்காயும் முருங்கைக்காயும் போட்டுத் தனியாகக் கறி வைத்திருந்தார். இருந்த மீதி நாளெல்லாம் அப்படித்தான் நடந்தது. நான் மீன் சாப்பிட்டேன். விரதம் பிடித்தது நான் இல்லையே.

எட்டாம் நாள் காலையில் மயூரி எங்களை நூற்றெட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நான் எதிர்பார்த்ததற்கு மேலே. இரண்டு வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்று, ஒரே அளவான சின்னக் கோயில்கள். ஓலைக் குடிசையின் கூரை வளைவை அப்படியே செங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். வெளி வட்டத்தில் ஒன்று கறுப்பு லிங்கம், அடுத்தது வெள்ளை. உள் வட்டத்தில் எல்லாமே வெள்ளை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். குலசிங்கம் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து, "கீழாலை ஈரம் ஏறுது" என்றான். அவனோடு கோயில் பார்க்கப் போனால் இதுதான் வில்லங்கம்.

அதற்கு முன்னால் வாசலிலேயே ஒரு வேலை செய்துவிட்டான். எங்கள் ஊர்க் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போவதில்லை. ரொறன்ரோவிலும், வெளியே பனி கொட்டினாலும், உள்ளே போனதும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிடுவோம். குலசிங்கம் யோசியாமல் அந்தப் பழக்கத்தில் சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, வெறும் மேலோடு, வேட்டியும் திருநீறுமாக நடந்தான். சுற்றிவரப் பார்த்தால் வேறு ஒருவரும் கழற்றியிருக்கவில்லை. நானும் கழற்றவில்லை. எனக்குத் தொந்தி இருக்கிறது.

"அப்பா, ப்ளீஸ். ஷேர்ட்டைப் போடுங்கோ. எவ்ரிவன் இஸ் லுக்கிங்" என்றாள் மயூரி.

"பாக்கட்டும். சிவன் கோயில்" என்றான் அவன்.

நாலைந்து கோயில் தள்ளிப் போகவில்லை, செவ்வந்திப்பூத் தட்டோடு வந்த ஒரு அம்மா இவனைக் கண்டதும் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு காலில் விழுந்துவிட்டார். எங்கோ தூரத்துக் கோயிலிலிருந்து வந்த பெரிய பூசகர் என்று நினைத்திருக்கிறார். குலசிங்கம் துள்ளிப் பின்வாங்கினான். அந்த அம்மா எழும்பவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மடியில் வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியில் பூசிவிட்டான். அதோடு முடியவில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய மருமகள், மருமகளுக்குப் பின்னால் குழந்தையோடு ஒரு குடும்பம், பிறகு யாரென்றே தெரியாத ஒரு கூட்டம். மாடிக் கட்டடத்துச் சுப்பர் நூற்றெட்டுக் கோயிலுக்கு நடுவில் நின்று வரிசையாக எல்லாருக்கும் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். எடுத்ததை இடையில் நிறுத்த அவனுக்கு மனமில்லை.

மயூரி புல்லில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வரிசை முடிந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது குலசிங்கம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "அவள் அங்க உப்பிடிச் சிரிக்கிறேல்லை, மகேஸ்." அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஆனால் வந்த காரியத்தை விடுகிற ஆள் இல்லை அவன். அன்று பின்னேரம் ஆற்றங்கரைப் படியில் வைத்துத் தொடங்கினான். நான் எழும்பப் பார்த்தேன், "இரு மகேஸ்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

"பிள்ளை, உது காணும், இனிப் போதும். மாமாவுக்கு இப்ப நடக்க ஏலும்தானே. வீட்டை வாங்கோ ரெண்டு பேரும்."

"அப்பா, மாமாவுக்காக எண்டா நான் எப்பவோ வந்திருப்பன். ஆள் வைச்சுப் பாக்கலாம். எனக்கு இஞ்ச பிடிச்சிருக்கு. தட்ஸ் த ப்ராப்ளம்."

"என்ன பிடிச்சிருக்கு? கரண்ட் போகுது. ரோட்டு உடைஞ்சு கிடக்கு. குளியலறைப் பைப் இரவிரவா ஒழுகுது, எனக்கு நித்திரை இல்லை. நான் உந்தச் சீவியத்தை விட்டிட்டு ஓடி வந்தது, நீ திரும்பி உதுக்குள்ளை வந்து இருக்கவே?"

அக்கரைக்குப் போகிற படகு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"நீங்கள் ஓடி வந்தனீங்கள், அப்பா" என்றாள். "நான் நடந்து வந்தனான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குலசிங்கம் அதோடு நிற்கவில்லை. இரவு சாப்பாட்டில், வேலை போய்விடும் என்று தொடங்கினான். மறுநாள் விடியத் தேத்தண்ணியோடு, பிள்ளை குட்டி பிறந்தால் என்ன படிப்பு என்று தொடங்கினான். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள், பூசை வேலையும் பார்த்தாள். எனக்கே பொறுக்கவில்லை. "விட்டுத்தொலையன்ரா" என்று ஒருமுறை பேசிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், நாங்கள் இரண்டு பேரும் அறையில் சரிந்திருந்தபோது மயூரி வந்தாள். கையில் அவளுடைய குளிர் ஜக்கெற். அந்தத் தை மாதம் போட்டுக்கொண்டு வந்தது. மற்றக் கையில் பனிச் சப்பாத்து, கழுத்துச் சால்வை, கையுறை. பெரிய பெட்டியைத் திறந்து, அவற்றை ஒவ்வொன்றாக மடித்து அதற்குள் வைத்தாள்.

"இதுகள் இஞ்ச பூஞ்சணம் பிடிச்சுப் போகும், அப்பா. ஆருக்கும் தேவைப்படுற ஆக்களுக்குக் குடுங்கோ" என்றாள்.

குலசிங்கம் பெட்டியைப் பார்த்தான். அந்த ஜக்கெற்றை வாங்கிக் கொடுத்தது அவன்தான். அவள் முதல் சம்பளம் எடுப்பதற்கு முந்திய குளிரில், கடை கடையாக அலைந்து வாங்கியது. நான் இப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சௌமிக்கைக் கூப்பிட்டு, "தம்பி, இஞ்ச ஹார்ட்வெயார் கடை எங்க?" என்று கேட்டான்.

பின்னேரம் முழுக்க அந்தக் குளியலறைக்குள்தான் இருந்தான். குழாயைக் கழற்றி, துருப்பிடித்த துண்டை வெட்டி எறிந்து, புதுசு போட்டான். அதை முடித்து, கதவின் கொளுக்கியை மாற்றினான். அதையும் முடித்து, மகளின் அறை யன்னல் இறுக்கமாக இருக்கிறது என்று அதைச் சீவினான். சௌமிக்கின் தகப்பன் தாரக் பாபு நாற்காலியை வாசலில் போடுவித்து உட்கார்ந்து, விளங்குகிற இடக் கையால் ரோர்ச் லைற் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுத் தெளிவில்லை. இவனுக்கு வங்காளம் தெரியாது. இவன் கையை நீட்டுவான், அவர் வெளிச்சத்தை நகர்த்துவார். முடிந்ததும் தாரக் பாபு குழாயைத் திறந்து, மூடி, சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, இவன் தோளில் கையை வைத்தார்.

கூட்டிக்கொண்டு போக வந்தவன் ஏன் குழாயைத் திருத்த வேண்டும்? நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பத்தாம் நாள் விடிந்தது. எங்களுக்கு விஜயதசமி எதையும் தொடங்குகிற நாள். குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவோம், புதுக் காரியம் தொடங்குவோம். அவர்களுக்கு அது அனுப்பிவைக்கிற நாள். எங்களுக்கும் அன்றிரவே பயணம். காலையில் அம்மனுக்குப் படைத்ததைப் பார்த்துக் குலசிங்கம் என்னை இடித்தான்.

"பழஞ்சோறடா."

உண்மைதான். முதல் நாள் சோறு தண்ணீரில் ஊறியிருந்தது, பக்கத்தில் சேம்பிலைக் கறி. நாலு நாளும் அவ்வளவு விருந்து வைத்துவிட்டு இன்றைக்கு ஏன் இப்படி என்று கேட்டோம். மயூரி காரணம் சொன்னாள். அம்மனின் புருசன் ஏழை. போனதும், தாய் வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாராம். விருந்தைச் சொன்னால் அந்த மனுசனுக்கு மனம் நொந்துபோகுமாம். பழஞ்சோறும் கீரையும் தின்றேன் என்று பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்றுதான் கடைசியாக இதைக் கொடுத்து அனுப்புகிறார்களாம்.

"ஆர் உதெல்லாம் யோசிச்சவை" என்றான் குலசிங்கம்.

மத்தியானத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பெண்கள் சிவப்புக் கரை வைத்த வெள்ளைச் சேலையில், தட்டும் வெற்றிலையுமாக வரிசையில் நின்றார்கள். முதலில் கல்யாணி அம்மாள் பலகையில் ஏறினார். இரண்டு கையிலும் வெற்றிலை எடுத்து அம்மனின் இரண்டு கன்னத்தையும் துடைத்தார். அழுத பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரித்தான் இருந்தது. நெற்றியில் குங்குமம் வைத்தார், மண் உதட்டில் இனிப்பை வைத்து ஊட்டினார், பிறகு காதுக்குக் கிட்டப் போய் ஏதோ சொன்னார். வரிசையில் மயூரியும் ஏறி எல்லாவற்றையும் அப்படியே செய்தாள். அது முடியப் பெண்கள் ஒருவருக்கொருவர் குங்குமம் பூசிச் சிரித்தார்கள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்கள்.

பொழுதுபட அம்மனை மூங்கிலில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். தண்ணீரில் இறக்கும்போது கூட்டம் முழுக்க ஒரே குரலில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னது. என்ன சொல்கிறார்கள் என்று சௌமிக்கைக் கேட்டேன். "அடுத்த வருசம் மறுபடியும் நடக்கும்" என்றான். குலசிங்கம் சேறு அப்பிய படியில் நின்று, அம்மனின் முகமும் கையும் கரைந்து போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது கார் வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டோம். கல்யாணி அம்மாளையும் தாரக் பாபுவையும் கும்பிட்டு விடைபெற்றான். கார்க் கதவில் கை வைத்தபோது மயூரி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் குங்குமம், கையில் தட்டு.

"அப்பா, கொஞ்சம் குனியுங்கோ."

தட்டில் இரண்டு வெற்றிலை. தேங்காய் உருண்டை. கல்யாணி அம்மாள் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இது அம்மனுக்கு மட்டும் செய்வது, ஆம்பிளைக்குச் செய்வதில்லை என்று சொல்கிறார் என்றான் சௌமிக். மயூரி வங்காளத்தில் ஒரு வரி சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தான் வந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னாள் என்று பிறகு சௌமிக் எனக்குச் சொன்னான். "பூசைக்கு வந்தவர், இண்டைக்குப் போறார். பிறகென்ன."

குலசிங்கம் குனிந்தான். அவள் இரண்டு வெற்றிலையாலும் தகப்பனின் இரண்டு கன்னத்தையும் மெதுவாகத் துடைத்துவிட்டாள். நெற்றியில் திருநீற்றுக்குக் கீழே குங்குமம் வைத்தாள். உருண்டையைப் பிட்டு வாயில் வைத்தாள். பிறகு அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில்தான் நின்றாள்.

ஊர் எல்லையும் தாண்டிக் கன தூரம் போன பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"பிள்ளை காதிலை என்ன சொன்னவள்?"

"அடுத்த வருசமும் வரட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"வாறன் எண்டனான்."

வயல்வெளிக்கு நடுவில் ரோட்டு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான்.

"நான் என்னத்துக்கு வந்தனான் எண்டு அவளுக்கு முதல் நாளே தெரியும், மகேஸ். ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அப்பா வந்திருக்கிறார், அப்பா வந்திருக்கிறார் எண்டு ஐஞ்சு நாளும் சந்தோசமாத் திரிஞ்சவள். நான்தான் ஐஞ்சு நாளையும் சண்டை பிடிச்சே முடிச்சிட்டன்."

சொல்லிவிட்டு அழுதான். ஜெகதாவின் செத்தவீட்டில்கூட, பிள்ளை பார்க்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன், இப்போது ஒருவருக்கும் மறைக்காமல் வாய்விட்டு அழுதான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காரை மெதுவாக்கினார்.

"சரி விடு. அடுத்த வருசம் சண்டை பிடியாதை" என்றேன்.

"ஓம். பிடிக்கமாட்டன்" என்றான்.